புதுப்பிப்பு: வீட்டு சர்வர் ஒருவழியாக வெளியே தெரிகிறது

போன வாரம் கேட்டிருந்தேனே: ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் என்ஜின்எக்ஸ் (வலைப்பக்கங்களை அனுப்பும் மென்பொருள்) ஓடுகிறது, வீட்டுக்குள் பக்கம் திறக்கிறது, ரவுட்டரில் வலைப்பக்கங்களுக்கான 80, 443 ஆகிய இரண்டு போர்ட்களையும் (இணைப்பு நுழையும் வாசல் எண்கள்) அந்தக் கணினிக்குத் திருப்பிவிட்டும் வெளியிலிருந்து எட்டவில்லை என்று. காரணம் பிடிபட்டுவிட்டது.

ரவுட்டரின் WAN முகவரி, அதாவது இணைய நிறுவனம் அதற்குத் தரும் வெளிப்பக்க ஐபி எண், 100.72 என்று தொடங்கியது. ‘என் ஐபி என்ன’ என்று தேடினால் வந்ததோ வேறு எண். 100.64 முதல் 100.127 வரை இணைய நிறுவனங்கள் தங்கள் உள்வலைக்கு வைத்துக்கொள்ளும் தொகுதி. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் சிஜிநாட் (CGNAT). ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. நான் எத்தனை போர்ட் திறந்தாலும் கதவு அதற்கும் மேலே, இணைய நிறுவனத்திடம் பூட்டியிருக்கிறது. இது தெரியாமல் இரண்டு நாள் ஃபயர்வாலை (வெளி இணைப்புகளைத் தடுக்கும் காவல் மென்பொருள்) திட்டித் தீர்த்தேன், பாவம்.

எனக்கென்றே மாறாத ஒரு பொது ஐபிக்கு இணைய நிறுவனத்தில் தனிக் கட்டணம் கேட்டார்கள். வேண்டாம் என்று கிளவுட்ஃபிளேர் டனல் போட்டேன்: வருகிறவர்கள் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சர்வருக்குப் போவார்கள், அது என் கணினிக்குக் கடத்திவிடும். ராஸ்பெரி பையே வெளியே போய் அந்த சர்வரோடு இணைப்பைப் பிடித்துக்கொள்வதால் போர்ட் எதுவும் திறக்க வேண்டாம். ரவுட்டர் விதிகளை அழித்துவிட்டேன். ஆனால் குறியாக்கம் கிளவுட்ஃபிளேர் சர்வரில் அவிழ்ந்துதான் நமக்கு வருகிறது, அதாவது உள்ளே இருப்பதை அவர்களால் பார்க்க முடியும். என் சமையல் குறிப்புகளுக்கு அது பரவாயில்லை, குடும்பப் படங்களை வைக்க மாட்டேன்.

அப்புறம், வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில், அதாவது வீட்டு வலைக்கு வெளியிலிருந்து, சோதிக்கச் சொன்னவருக்கு நன்றி.