இருமுனைக் கோளாறுக்கு வித்து கருவிலேயே விழுகிறதா?

கேள்வி:
என் தங்கை மகனுக்கு 19 வயதில் இருமுனைக் கோளாறு (மிகை எழுச்சியும் கடும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) வந்திருப்பதை மனநல மருத்துவர் உறுதி செய்திருக்கிறார். அவன் வயிற்றில் இருந்தபோது தங்கைக்கு ஃப்ளூ காய்ச்சல் கண்டது. அதுதான் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுத்துவிட்டது என்று எதையோ படித்துவிட்டு அவள் தன்னையே நொந்துகொள்கிறாள். ஆனால் அவன் மற்றப் பிள்ளைகளுக்கு முன்பே நடந்தான், பேசினான். பத்தாம் வகுப்பு வரை படிப்பிலும் முதலிடம்தான். வளர்ச்சியில் குறை இருந்தால் அப்போதே தெரிந்திருக்காதா?

மறுமொழி 1:
தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972–73இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பின்னாளில் மனச்சிதைவு வகை நோய்க்கு ஆளானவர்கள் குழந்தைப் பருவத்திலேயே உடலியக்கத்திலும் மொழியிலும் சற்றுப் பின்தங்கியிருந்தனர்; மேனியா (இருமுனைக் கோளாறின் மிகை எழுச்சி நிலை) வந்தவர்களிடம் அந்தப் பின்னடைவு இல்லை. 2010இல் வெளியான ஸ்வீடன் ஆய்விலோ, பள்ளியிறுதியில் மிகச் சிறந்த மதிப்பெண் பெற்றவர்களுக்கு, நடுத்தர மதிப்பெண்காரர்களைவிட இருமுனைக் கோளாறு வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. (அதற்காக, நன்றாகப் படிக்கும் பிள்ளையைச் சந்தேகிக்கத் தொடங்க வேண்டாம், அவர்களிலும் மிகப் பெரும்பாலோருக்கு இது வருவதில்லை.)

மறுமொழி 2:
வளர்ச்சி என்றாலே மழலைப் பருவம் என்று எண்ணிவிடுகிறோம். உணர்ச்சிகளுக்குக் கடிவாளம் போடும் முன்மூளைப் புறணி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. தேவையற்ற நரம்பிணைப்புகள் பதின்வயதில்தான் பெருமளவில் களையப்படுகின்றன. நோய் பெரும்பாலும் அந்த வயதை ஒட்டியே தலைகாட்டுவதை நான் தற்செயல் என்று கருதவில்லை.

ஆனாலும் அடித்தளம் முன்னதாகவே அமைகிறது என்பதற்குச் சான்று உண்டு. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளிகளின் தோல் செல்களைக் குருத்தணுக்களாக (எந்த வகைச் செல்லாகவும் வளரக்கூடிய தொடக்கநிலைச் செல்களாக) மாற்றி, அவற்றிலிருந்து இளம் நரம்பணுக்களை வளர்த்தனர். வாழ்க்கையின் எந்த நெருக்கடியையும் காணாத அந்த நரம்பணுக்கள் இயல்புக்கு மீறிக் கிளர்ச்சியுற்றிருந்தன. இந்நோய்க்குத் தரப்படும் லித்தியம் என்ற மருந்து பலன் தரும் நோயாளிகளிடமிருந்து வந்தவை மட்டுமே லித்தியத்துக்கு அடங்கின.

மறுமொழி 3:
காய்ச்சலைப் பற்றிச் சொல்கிறேன். தாய்க்குக் கருவுற்ற காலத்தில் ஃப்ளூ வந்திருந்தால் வாய்ப்பு நான்கு மடங்காகிறது என்று 2013இல் ஒரு கலிபோர்னிய ஆய்வு கூறியது. உங்கள் தங்கை படித்தது அதுவாக இருக்கலாம். அதை அப்படியே ஏற்றாலும், நூற்றில் ஒருவர் என்பது நான்கு பேராகும். மற்ற 96 பேருக்கு இந்நோய் வருவதில்லை. இதில் மரபின் பங்குதான் பெரிது. இரட்டையர் ஆய்வுகள் அதை 60 முதல் 80 விழுக்காடு வரை மதிப்பிடுகின்றன. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இரு வழி உறவிலும் யாருக்கேனும் மனநோய் இருந்ததா என்று கேட்டறிந்து சொல்லுங்கள். குறிப்பாக லித்தியத்தால் யாருக்காவது குணம் தெரிந்திருந்தால், மருந்தைத் தேர்வதில் அது அவருக்கு உதவும்.