பழைய ரவுட்டரை மாத்தணும், வீட்டுல 17 சாதனம் இருக்கு. எதுவும் அறுந்து போகாம மாத்த வழி இருக்கா?

காவிரிக்கரை | புதன், இரவு 10.15

வணக்கம். ஸ்ரீரங்கம் வீட்டுல அப்பா அம்மா மட்டும் இருக்காங்க, எனக்கு சென்னையில வேலை. வீட்டு ரவுட்டர் 2015-ல வாங்கினது, வைஃபை அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். ஒரு வருஷமா தினம் ரெண்டு தடவை தொங்கிப் போகுது. ஒவ்வொரு தடவையும் அப்பா ஸ்டூல் போட்டு ஏறி ஸ்விட்சை அணைச்சுப் போடுறார். அவருக்கு 74 வயசு. போன மாசம் போனப்பதான் பார்த்தேன், அடாப்டர் பின் லூஸாயிருக்கு, காலண்டர் தாளை நாலா மடிச்சு முட்டுக் கொடுத்து வச்சிருக்கார். மனசு கேக்கல. அன்னைக்கே புதுசு ஆர்டர் போட்டேன். வைஃபை 6, டூயல் பேண்ட், அதாவது 2.4, 5 ரெண்டு அலைவரிசையும் உண்டு.

இப்ப என் பயம் எல்லாம் மத்த சாதனங்களைப் பத்தித்தான். செல் 2, டேப் 1, டிவி, செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கர், பிரிண்டர், அப்பாவோட பழைய லேப்டாப், கேமரா 3, கீசர், மோட்டார், மாடிப்படி லைட்டுன்னு ஸ்மார்ட் ஸ்விட்ச் 5, அப்புறம் மொட்டை மாடி சோலார் இன்வெர்ட்டர்ல சொருகியிருக்கிற வைஃபை ஸ்டிக் 1. இந்தக் கடைசி ஒண்ணுதான் தலைவலி. போட்டுக் கொடுத்தவர் தொழிலை விட்டுட்டுப் போயிட்டார், செட்டிங் பாஸ்வேர்டும் அவரோடயே போயிடுச்சு. தினம் சாயங்காலம் சென்னையிலிருந்து ஆப்ல எத்தனை யூனிட்னு பார்ப்பேன். ஒரு தடவை பிரேக்கர் விழுந்ததே அதுல பார்த்துத்தான் தெரிஞ்சுது.

ஃபைபர் பாக்ஸ் தனி, பிரிட்ஜ் மோடுல இருக்கு (லைனை அப்படியே கடத்தும்), ரவுட்டர்தான் டயல் பண்ணுது, அதாவது நெட் கம்பெனிக்குள்ள லாகின் பண்ணுது. சனிக்கிழமை காலை மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல இறங்கி ஞாயிறு ராத்திரி திரும்பணும். எந்த வரிசையில செய்யணும்னு யாராவது சொல்லுங்க.

பழைய லைன்மேன் | வியாழன், காலை 6.05

பயப்படாதீங்கம்மா, இது நடக்கும். ரவுட்டர் யார் செஞ்சது, எந்த மாடல்னு உங்க சாதனம் எதுக்கும் கவலை இல்ல. அது ஞாபகம் வச்சிருக்கிறது மூணே விஷயம்: நெட்வொர்க் பேரு, பாஸ்வேர்ட், பாதுகாப்பு வகை. புது ரவுட்டர்ல இந்த மூணையும் பழைய மாதிரியே வச்சீங்கன்னா ஆள் மாறினதே தெரியாம வந்து ஒட்டிக்கும்.

ஆனா 'பழைய மாதிரியே'ங்கிறதுல கவனமா இருங்க. பேரை ஞாபகத்திலிருந்து டைப் பண்ணாதீங்க. பழைய ரவுட்டரோட செட்டிங் பக்கத்தைத் திறந்து பேரையும் பாஸ்வேர்டையும் அங்கிருந்தே காப்பி எடுத்து நோட்பேட்ல ஒட்டி வைங்க. பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினா அது வேற நெட்வொர்க். பேரோட கடைசியில தெரியாத்தனமா ஒரு ஸ்பேஸ் இருந்தா அதுவும் பேரோட பாகம்தான், கண்ணுக்குத் தெரியாது. பேரைத் தமிழ்ல வச்சிருந்தா இன்னொண்ணும் பார்க்கணும். பேருக்கு மொத்த இடமே 32 பைட். தமிழ்ல 'கா'ன்னு எழுதினாலே 6 பைட் போயிடும். அதனால பேரை வெட்டாம முழுசா எடுத்துக்கிச்சான்னு பாருங்க.

பாதுகாப்பு வகைதான் நிறைய பேர் கோட்டை விடுற இடம். உங்க 2015 ரவுட்டர்ல டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்ங்கிற வகைதான் இருக்கும். அதுக்கு அடுத்த வகையான டபிள்யூபிஏ3 வந்ததே 2018-ல. புது ரவுட்டர் தானாவே டபிள்யூபிஏ3-ஐயோ, ரெண்டும் கலந்ததையோ போட்டுக்கலாம். செல்லுக்கு அது சரிப்படும், ஸ்விட்சும் கேமராவும் பல நேரம் திணறும். டபிள்யூபிஏ2 மட்டும்னு மாத்தி வைங்க.

அப்புறம் ஸ்மார்ட் கனெக்ட்னு ஒரு வசதி ரெண்டு பேண்டையும் ஒரே பேர்ல காட்டும். முதல் நாள் அதை ஆஃப் பண்ணிடுங்க. பழைய பேரை 2.4-க்கு மட்டும் கொடுங்க, 5-க்கு வேற பேர். டிவியையும் செல்லையும் அப்புறமா நிதானமா 5-க்கு மாத்திக்கலாம்.

கோவை வயரிங் | வியாழன், மதியம் 1.30

லைன்மேன் அண்ணன் சொன்னது வீட்டுக்குள்ள இருக்கிற பாதி. வெளிய போற பாதியை நான் சொல்றேன். ரவுட்டர்தான் டயல் பண்ணுதுன்னா பிபிபிஓஇ (லைன் லாகின்) யூசர் பேரும் பாஸ்வேர்டும் அதுக்குள்ளதான் இருக்கு. பழைய பக்கத்துல பாஸ்வேர்ட் புள்ளி புள்ளியாத்தான் தெரியும். உங்க லைன் ஆளுக்கு நாளைக்கே போன் போட்டு அந்த ரெண்டையும், விலேன் நம்பர் (சில கம்பெனி லைனுக்குக் கொடுக்கிற அடையாள எண்) ஏதாவது உண்டான்னும் கேட்டு வாங்கி வச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமை யாரும் போன் எடுக்க மாட்டாங்க, அனுபவத்துல சொல்றேன்.

சில கம்பெனி பழைய ரவுட்டரோட மேக் அட்ரஸை (ஒவ்வொரு சாதனத்துக்கும் இருக்கிற தனி அடையாள எண்) பதிஞ்சு வச்சிருப்பாங்க. யூசர் பேர், பாஸ்வேர்ட் சரியா இருந்தும் நெட் வரலைன்னா, புதுசுல மேக் குளோன்னு ஒரு இடம் இருக்கும், அங்க பழைய ரவுட்டர் அடியில ஒட்டியிருக்கிற நம்பரைப் போடுங்க. அதனால கழட்டறதுக்கு முன்னாடி அந்த ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்துடுங்க.

மணிமுத்தாறு | வியாழன், மதியம் 2.10

எதுக்கு இவ்ளோ கஷ்டம்? பழசுல பேக்கப் ஃபைல் எடுத்து புதுசுல ஏத்திட்டா எல்லாம் அப்படியே வந்துடுமே.

பழைய லைன்மேன் | வியாழன், இரவு 8.40

தம்பி, அந்த ஃபைல் பெரும்பாலும் அதே மாடலுக்குத்தான் பொருந்தும். கம்பெனியே மாறினா புதுசுக்கு அது புரியாது. கையால எழுதுறதுதான் வழி.

அம்மா, இன்னொண்ணு சொல்ல விட்டுட்டேன். ஒரே பேர்ல ரெண்டு ரவுட்டரும் ஒரே நேரத்துல ஓடக்கூடாது. பாதி சாதனம் பழசுலயே தொங்கிக்கிட்டு இருக்கும், உங்களுக்கு எது எங்க இருக்குன்னே தெரியாது. புதுசைத் தனியா லேப்டாப்ல கேபிள் போட்டு முழுசா செட் பண்ணுங்க. பழசோட பிளக்கைப் பிடுங்கின பிறகு புதுசை லைன்ல சேருங்க. ஃபைபர் பாக்ஸையும் ஒரு நிமிஷம் அணைச்சுப் போடுங்க.

காவிரிக்கரை | சனி, காலை 11.50

கைகூப்பி நன்றி. நேத்தே லைன்காரர்கிட்ட வாங்கி வச்சது நல்லதாப் போச்சு, நெட் உடனே வந்துடுச்சு. ரெண்டு நிமிஷத்துல ஒண்ணொண்ணா வர ஆரம்பிச்சுது. அம்மா அடுப்படியில இருந்தே "கீசர் லைட் வந்துடுச்சு"ன்னு குரல் கொடுத்தாங்க. 17-ல 13 தானாவே வந்துடுச்சு. டிவி ரிமோட்டை யாரும் தொடவே இல்ல.

வராதது நாலு:
லேப்டாப்புக்கு இந்த நெட்வொர்க் கண்ணுலயே படல. பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் காட்டுது, நம்மளுது மட்டும் லிஸ்ட்ல இல்ல.
பிரிண்டர்ல வைஃபை லைட் எரியுது, ஆனா எங்கிருந்து அனுப்பினாலும் ஆஃப்லைன்னு வருது.
கொல்லைப்புற கேமரா வரல. அது டல்லாஸ்ல இருந்து என் தம்பி கொண்டுவந்தது. மத்த ரெண்டு கேமராவும் இங்க வாங்கினது, அதுங்க வந்துடுச்சு.
நான் பயந்த மாதிரியே சோலார் ஸ்டிக்கும் வரல.

தஞ்சை ரேடியோ | சனி, மதியம் 12.25

சகோதரி, கேமராவுக்கு நான் சொல்றேன். ரவுட்டர்ல 2.4-க்கு எந்த சேனல் (அலைவரிசைக்குள்ள இருக்கிற தடம்) ஓடுதுன்னு பாருங்க. ஆட்டோல விட்டிருந்தா 12 அல்லது 13-ஐப் பிடிச்சிருக்கும். இந்தியாவுல 1-லிருந்து 13 வரை புழக்கத்துல உண்டு. அமெரிக்காவுல விக்கிற சாதனங்கள் பெரும்பாலும் 11-ஓட நின்னுடும், அதுக்கு மேல இருக்கிறது அதுங்க காதுலயே விழாது. 1, 6, 11 இந்த மூணுல கூட்டம் கம்மியா இருக்கிறதை நிரந்தரமா போடுங்க. சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும்.

பழைய லைன்மேன் | சனி, மதியம் 1.15

லேப்டாப் ரொம்பப் பழசுன்னா அதோட வைஃபை டிரைவருக்கு வைஃபை 6 அறிவிப்பு புரியாது, அதனால லிஸ்ட்லயே காட்டாது. டிரைவரைப் புதுப்பிச்சா சரியாகலாம். இன்னைக்கே வேணும்னா 2.4-ல மட்டும் வைஃபை 6 மோடை அணைச்சுடுங்க. உங்க வீட்டு 2.4 சாதனங்கள்ல எதுக்கும் அது தேவைப்படாது. 5-ல அப்படியே இருக்கட்டும்.

பிரிண்டருக்கு வருவோம். அதுக்கு யாரோ நிலையான ஐபி (மாறாத நெட்வொர்க் விலாசம்) போட்டு வச்சிருக்காங்கன்னு நினைக்கிறேன். பிரிண்டர்லயே நெட்வொர்க் விவரம்னு ஒரு தாள் அடிச்சுப் பாருங்க.

காவிரிக்கரை | சனி, மாலை 5.30

கேமரா வந்துடுச்சு! சேனல் 13-லதான் இருந்துச்சு. 6-க்கு மாத்தினதும் ஒரு நிமிஷத்துல கொல்லைப்புறத்துக் கருவேப்பிலைச் செடி ஸ்கிரீன்ல வந்துது. லேப்டாப்பும் நீங்க சொன்னபடி செஞ்சதும் காட்டுச்சு.

பிரிண்டர் தாள்ல 192.168.0.40-ன்னு இருக்கு. புது ரவுட்டர் 192.168.1.1. இதுதானா விஷயம்?

பழைய லைன்மேன் | சனி, மாலை 6.20

அதேதான். பிரிண்டர் பழைய தெரு விலாசத்துல உக்காந்திருக்கு, வீடு மொத்தமும் புதுத் தெருவுக்குப் போயிடுச்சு. பிரிண்டரைத் தொடாதீங்க, ரவுட்டரோட வீட்டுப் பக்க விலாசமான லேன் ஐபியை 192.168.0.1-ன்னு மாத்துங்க. டிஹெச்சிபி (சாதனங்களுக்குத் தானா விலாசம் கொடுக்கிற வசதி) கொடுக்கிற கடைசி எண்கள் 100-லிருந்து 199 வரைன்னு வைங்க, அப்ப 40-ஐ வேற யாருக்கும் கொடுக்காது. மாத்தினதும் ரவுட்டர் ஒரு தடவை அணைஞ்சு எழும், எல்லாம் திரும்பச் சேர்ந்துக்கும்.

சோலாருக்கு ஒரு கேள்வி. அந்தப் பழைய ரவுட்டரோட சிக்னல் மொட்டை மாடிக்கு எட்டுச்சா? ரெண்டு தளம் தாண்டி 2015 ரவுட்டர் எட்டினா எனக்கு ஆச்சரியம்தான். நடுவுல ஏதாவது டப்பா இருந்துச்சா?

காவிரிக்கரை | ஞாயிறு, காலை 8.10

பிரிண்டர் சரியாயிடுச்சு, அப்பா உடனே ஒரு நோட்டீஸ் அடிச்சுப் பார்த்தார்.

நீங்க கேட்டது எனக்கு உறைக்கவே இல்ல. அம்மாகிட்ட கேட்டேன். "மாடிப்படி பிளக்ல ஒண்ணு சொருகியிருந்துச்சே, நேத்து நீதானே கழட்டி வச்சே"ன்னாங்க! ரிப்பீட்டர், சிக்னலை வாங்கித் தூரத்துக்குக் கடத்துற டப்பா. புது ரவுட்டர் வந்துட்டா இது எதுக்குன்னு காலையிலயே கழட்டிட்டேன். அம்மா செல்லுல சேமிச்ச நெட்வொர்க் லிஸ்ட்டைப் பார்த்தா, வீட்டுப் பேருக்குப் பின்னாடி அடிக்கோடும் மூணு எழுத்தும் சேர்த்து இன்னொரு பேரு இருக்கு. சோலார் ஸ்டிக் இத்தனை வருஷமா அந்தப் பேர்லதான் சேர்ந்திருக்குன்னு இப்பதான் புரியுது.

பழைய லைன்மேன் | ஞாயிறு, காலை 9.00

அப்ப பாதிக் கிணறு தாண்டியாச்சும்மா. ரிப்பீட்டரைத் திரும்பச் சொருகினாலே ஸ்டிக் வந்துடும், ஏன்னா ரிப்பீட்டர் தேடுற பழைய பேரும் பாஸ்வேர்டும் புது ரவுட்டர்ல அப்படியே இருக்கு. ஆனா அதுவும் வயசானது. அது தொங்கினா அப்பா படியேறணும். அதனால வேற வழி சொல்றேன்.

புது ரவுட்டர்ல விருந்தாளிகளுக்குன்னு தனிப் பேர்ல ஓடுற கெஸ்ட் நெட்வொர்க்னு இருக்கும். அதை 2.4-ல மட்டும் இயக்கி, அடிக்கோடு போட்ட அந்தப் பேரையே அதுக்கு வைங்க. அம்மா செல்லுல அந்தப் பேர் மேல ஷேர் அமுக்கினா கியூஆர் கட்டத்துக்குக் கீழே பாஸ்வேர்ட் தெரியும், அதையே போடுங்க. டபிள்யூபிஏ2 மட்டும். கெஸ்ட்ல இருக்கிற சாதனத்தால வீட்டுக்குள்ள மத்ததோட பேச முடியாது, ஆனா சோலார் ஸ்டிக்குக்கு அது தேவையே இல்ல, நேரா இன்டர்நெட்டுக்குத்தான் போகும். ரவுட்டரை மாடிப்படிப் பக்கம் கொண்டுவர முடிஞ்சா சிக்னலும் எட்டும். ஃபைபர் பாக்ஸை நகர்த்த வேண்டாம், நடுவுல நீளமான லேன் கேபிள் போதும்.

கோவை வயரிங் | ஞாயிறு, காலை 10.40

ஒரு மாத்துக் கருத்து. பழைய பாஸ்வேர்டையே வச்சுக்கிறதுல எனக்கு முழுச் சம்மதம் இல்ல. செல் நம்பர், வண்டி நம்பர் மாதிரி இருந்தா பத்து வருஷத்துல யார் யாருக்கோ தெரிஞ்சிருக்கும். 5-க்கு வச்ச புதுப் பேருக்காவது வலுவான பாஸ்வேர்ட் போட்டு, செல், டேப், லேப்டாப்பை அங்க மாத்துங்க. ரவுட்டர் செட்டிங் பக்கத்து பாஸ்வேர்டையும் கட்டாயம் மாத்துங்க, அதுக்கும் வைஃபை பாஸ்வேர்டுக்கும் சம்பந்தம் இல்ல, எந்தச் சாதனமும் அறாது.

காவிரிக்கரை | ஞாயிறு, மாலை 4.20

கடைத்தெருவுல 15 மீட்டர் கேபிள் வாங்கிட்டு வந்து ரவுட்டரை மாடிப்படித் திருப்பத்துல, அப்பா நின்னா கைக்கு எட்டுற உயரத்துல மாட்டியாச்சு. கெஸ்ட் பேரைப் போட்டு சேவ் அமுக்கிட்டு மாடிக்குக் குரல் கொடுத்தேன். அம்மா வெயில்ல முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு இன்வெர்ட்டர் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தாங்க. ஸ்டிக்ல மூணு லைட், நடுவுல இருக்கிறது மட்டும் விட்டு விட்டு எரிஞ்சுது. அஞ்சு நிமிஷம் ஆச்சு. "நின்னுடுச்சுடி, நிலையா எரியுது"ன்னாங்க. ஆப்ல இப்ப 1.3 கிலோவாட் காட்டுது. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

கோவை சார் சொன்னது சரிதான், அது அப்பாவோட செல் நம்பர். 5-க்கு வேற பாஸ்வேர்ட் போட்டு ரெண்டு செல்லையும் டேபையும் மாத்திட்டேன். லேப்டாப்புக்கு 5 கிடையாது, அது பழைய பேர்லயே இருக்கு. ரெண்டு பேரையும் ஒரு அட்டையில பெருசா எழுதி ரவுட்டர் பக்கத்துல ஒட்டியிருக்கேன், பாஸ்வேர்டை அப்பா டைரியில.

பழைய லைன்மேன் | ஞாயிறு, மாலை 5.05

ரொம்ப சந்தோஷம்மா. பழைய ரவுட்டரையும் ரிப்பீட்டரையும் யாருக்காவது கொடுக்கிறதுன்னா, பின்னாடி இருக்கிற ரீசெட் ஓட்டையில குண்டூசியால பத்து செகண்ட் அமுக்கிட்டுக் கொடுங்க. உங்க வீட்டு வைஃபை பாஸ்வேர்டும் டயல் பாஸ்வேர்டும் இன்னும் அதுக்குள்ளதான் இருக்கு.

காவிரிக்கரை | ஞாயிறு, இரவு 9.50

ரெண்டையும் ரீசெட் பண்ணி என் பையில போட்டுக்கிட்டேன் அண்ணா. ஸ்டேஷன் வந்துட்டேன்.