முழுசா கட்டி முடிச்ச கிரெடிட் கார்டுக்கு மறுபடியும் வட்டி... உங்களுக்கும் நடந்திருக்கா?

காவேரிப்பட்டணம் மாங்கா:

வயித்தெரிச்சல்ல எழுதுறேன், நீளமா போச்சுன்னா பொறுத்துக்கோங்க. எங்க தோப்புல போர் தண்ணி குறைஞ்சுபோய், பொங்கல் முடிஞ்ச கையோட புது மோட்டார், பைப்பு, கேபிள் எல்லாம் கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்துல ஒரு கடைல வாங்குனேன், மொத்தம் 88,000. மா பூ விடுற நேரம், தண்ணி விடாம இருக்க முடியாது, கைல காசு இல்ல, கார்டுல தேச்சுட்டேன். மாங்கா பணம் வந்ததும் அடைச்சுக்கலாம், அதுவரைக்கும் மினிமம், அதாவது பில்லுல குறைஞ்சபட்சம் கட்டச் சொல்ற தொகையை மட்டும் கட்டிட்டு ஓட்டலாம்னு நெனப்பு.

நாலு மாசம் மினிமம் கட்டுனேன், எல்லாம் சேத்து 18,000. ஜூன் 12 பில்லு வருது, பாத்தா டோட்டல் டியூ 88,040. மறுபடி படிங்க. 88,000-க்கு வாங்குனது, 18,000 கட்டுன பிறகும் 88,040. அது என் தப்பு, ஒத்துக்குறேன், மினிமம் கட்டுறவனுக்கு அதான் கதி. அதுக்காக இங்க அழ வரல.

மாங்கா குத்தகைப் பணம் ஜூன் கடைசில வந்துச்சு. கடைசி தேதி ஜூலை 2. நான் ஜூன் 30 அன்னைக்கே 88,040 பைசா பாக்கி இல்லாம கட்டிட்டேன். அம்மாகிட்ட "கார்டு கடன் முடிஞ்சுதும்மா"ன்னு சொல்லி கார்டை பீரோல வெச்சுப் பூட்டியாச்சு. அதுக்கப்புறம் ஒரு டீ கூட அதுல வாங்கல.

ஆகஸ்டு நடுவுல ஒரு போன். "சார் உங்க கார்டுல 2,714 ஓவர்டியூ, எப்ப கட்டுவீங்க"ன்னு கேக்குறான். ஏதோ ஃபிராடு காலுன்னு வெச்சுட்டேன். மறுநாள் ஆப்பைத் திறந்து பாத்தா உண்மைதான். ஜூலை 12 பில்லுல வட்டி 1,800, அதுக்கு ஜிஎஸ்டி 324. அதை நான் பாக்கவே இல்ல, அதனால ஆகஸ்டு பில்லுல லேட் ஃபீ 500, அதுக்கு ஜிஎஸ்டி 90. முழுசா கட்டுன கார்டுக்கு, ஒன்னுமே வாங்காத கார்டுக்கு, எங்கேந்துய்யா வட்டி வருது? கஸ்டமர் கேர்ல ஒரு பொண்ணு "ரெசிடுவல் இன்ட்ரெஸ்ட் சார்"னு மூணு தடவை சொன்னாங்க, மூணு தடவையும் புரியல. யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்கப்பா.

தொப்பூர் கணவாய்:

தம்பி, நான் பத்து வருசம் கார்டு பிரிவுல வேலை பாத்து வெளிய வந்தவன், எந்த பேங்குன்னு கேக்காத. உன் கார்டு வட்டி மாசம் 3.6 தானே? பில்லு கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல இருக்கும் பாரு. அப்ப வருசத்துக்கு 43.2 சதவீதம். உன் 88,040-ல அந்த மாச வட்டி, ஜிஎஸ்டி கழிச்சா அசல் சுமாரா 84,500 இருக்கணும். 84,500-க்கு 43.2 சதவீதம் போட்டு 365-ஆல வகுத்துப் பாரு, ஒரு நாளைக்கு நூறு ரூபா. ஜூன் 12-லேந்து 30 வரைக்கும் எத்தனை நாள்? பதினெட்டு. 1,800 வந்துருச்சா?

பில்லுல போட்ட தொகை ஜூன் 12 ராத்திரி வரைக்குமான கணக்கு மட்டும்தான். மறுநாள் காலைலேந்து மீட்டர் ஓடிக்கிட்டேதான் இருக்கும், நீ கட்டுற நாள் வரைக்கும். அந்த பதினெட்டு நாள் வட்டியை அடுத்த பில்லுல தான் காட்டுவாங்க, அதைத் தான் அந்தப் பொண்ணு ரெசிடுவல் இன்ட்ரெஸ்ட்டுன்னாங்க. கடைசி தேதி ஜூலை 2-ன்னா அதுக்குள்ள கட்டுனா வட்டி இல்லன்னு அர்த்தம் கிடையாது. முந்தின பில்லை முழுசா கட்டுனவனுக்கு தான் அந்த சலுகை. நீ நாலு மாசமா பாக்கி வெச்ச ஆளு, உனக்கு அது லேட் ஃபீ வராம தப்பிக்கிற தேதி, அவ்வளவுதான்.

காவேரிப்பட்டணம் மாங்கா:

கால்குலேட்டர்ல போட்டேன் அண்ணா, 100.01 வருது. கை நடுங்கிருச்சு. தினம் நூறு ரூபா, நான் தூங்கும்போதும். குத்தகைப் பணம் வந்து நாலு நாள் அக்கவுண்ட்ல சும்மா கெடந்துச்சு, கடைசி தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி கட்டலாம்னு விட்டேன், அதுலயே நானூறு போச்சு.

அம்மாகிட்ட சொன்னேன். அவங்க கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. "நம்ம ஊர்ல வட்டிக்கு விடறவன் கூட புரோநோட்டைத் திருப்பித் தர்றப்ப அன்னைய தேதி வரைக்கும் கணக்கு போட்டு இவ்வளவுன்னு சொல்லிருவான், வாங்கிக்கிட்டு கண்ணு முன்னாடி கிழிச்சிருவான். உன் பேங்கு காசை வாங்கி ரெண்டு வாரம் கழிச்சு தான் கணக்கே போடுமா?"ன்னாங்க. அப்புறம் "மூணரை வட்டிக்கு மேலயா, அதுக்கு என் வளையலை வெச்சிருக்கலாமேடா"ன்னு தனியா ஒரு மணி நேரம் திட்டு. நகைக்கடன்னா கவுன்டர்லயே அன்னைக்கு வரைக்கும் வட்டி சேத்து சொல்லி, கட்டுன உடனே பையை கைல குடுத்துடுறாங்க, அது உண்மைதான்.

பாலக்கோடு தக்காளி வண்டி:

என் கதையும் கேளுங்க. பறிக்கிற ஆளுங்களுக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூலி குடுக்கணும், மண்டிலேந்து பணம் வெள்ளிக்கிழமை தான் வரும். சரி அஞ்சு நாளு தானேன்னு கார்டை ஏடிஎம்ல சொருகி 20,000 எடுத்தேன். வெள்ளிக்கிழமை அப்படியே 20,000 கட்டிட்டேன், பில்லு வர்றதுக்கு முன்னாடியே. பில்லே வரலையே வட்டி எப்படி வரும்னு தெனாவெட்டா இருந்தேன். பில்லுல 730 ரூபா. பணம் எடுத்ததுக்கு ஃபீஸ் 500, அஞ்சு நாள் வட்டி 118, மிச்சம் ஜிஎஸ்டி. ஏடிஎம்ல எடுத்தா முதல் நாள்லேந்தே வட்டியாம், வட்டியில்லா நாளுங்கிறதே கிடையாதாம். அன்னைக்கு தக்காளி கிலோ ஆறு ரூபாய்க்கு போட்டுட்டு வந்தேன், 730-ன்னா எத்தனை பெட்டின்னு நீங்களே கணக்கு பாத்துக்கோங்க, எனக்கு அழுகை வருது.

நாலு ரோடு அக்கா:

நான் தர்மபுரில தையல் கடை வெச்சிருக்கேன். எனக்கு நடந்தது வேற மாதிரி, ஆனா ஒரே வேர் தான். பில் தேதிக்கு மறுநாள் வாங்குனா ஐம்பது நாள் வரைக்கும் வட்டி இல்லாம ஓட்டலாம்னு எல்லாரும் சொல்வாங்கல்ல, நானும் அப்படித்தான் ரொம்ப கெட்டிக்காரியா பில் வந்த மறுநாள் 6,200-க்கு நூலு, லைனிங் துணி, ஜிப்பு எல்லாம் எடுத்தேன். ஆனா முந்தின மாசம் ஒரு 22,000 பாக்கி நின்னுச்சு. பாக்கி நின்னா புதுசா வாங்குறதுக்கும் அந்த ஐம்பது நாள் கிடையாதுன்னு எனக்கு யாரும் சொல்லல. அந்த 6,200-க்கும் வாங்குன நாள்லேந்தே வட்டி, ஜிஎஸ்டியோட 250 சொச்சம். தொகை சின்னதுதான். ஆனா ஒரு ஜாக்கெட்டு தைச்ச கூலி அப்படியே போச்சேன்னு தான் மனசு கேக்கல.

ஓசூர் நைட் ஷிப்டு:

நீங்கல்லாம் குடுத்து வெச்சவங்க, உங்களுக்கு சீக்கிரமே தெரிஞ்சுருச்சு. நான் சிப்காட்ல கம்பெனி மாறுனப்ப பழைய கார்டை முழுசா கட்டிட்டு கத்தரியால நாலா வெட்டி குப்பைல போட்டேன். வெட்டுனா க்ளோஸ் ஆயிருச்சுன்னு நெனச்ச ஆளு நான், சிரிங்க. அதுல 640 ரூபா வட்டி மீந்து நின்னுருக்கு. பில்லு போனதெல்லாம் பழைய கம்பெனி மெயிலுக்கு, அது தான் மூடியாச்சே. மாசாமாசம் லேட் ஃபீ, அதுக்கு ஜிஎஸ்டி, ஏழு மாசத்துல நாலாயிரத்தைத் தாண்டிருச்சு.

எப்படி தெரிஞ்சுதுன்னா, பைக் எடுக்கப் போனேன். ஷோரூம்ல வண்டியைத் துடைச்சு மாலை எல்லாம் போட்டாச்சு, பென்னாகரத்துலேந்து அப்பா வேற பஸ் ஏறி வந்துட்டாரு, டயருக்கு வைக்க நாலு எலுமிச்சம்பழம் என் பேன்ட் பாக்கெட்ல. லோன் போடுற பையன் கம்ப்யூட்டரையே பாத்துட்டு இருந்தான், அப்புறம் மெதுவா "அண்ணா, சிபில்ல, அதான் உங்க கடன் பதிவுல, ஒரு ஓவர்டியூ காட்டுது"ன்னான். அப்பா என்னைப் பாத்த பார்வை இருக்கே... பஸ்ல திரும்பிப் போற வரைக்கும் அவரு ஒரு வார்த்தை பேசல. எலுமிச்சம்பழத்தை ராத்திரி ரூம்ல சாதத்துக்குப் பிழிஞ்சோம்.

பாலக்கோடு தக்காளி வண்டி:

யோவ் கடைசி வரில சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கோ. ஒரு சந்தேகம், கார்டுக்கு முப்பது சதவீதத்துக்கு மேல வட்டி வாங்கக்கூடாதுன்னு கோர்ட்டு சொல்லிருக்குன்னு எங்க வாட்ஸப் குரூப்புல ஒருத்தர் சுத்த விட்டுட்டு இருக்காரே?

தொப்பூர் கணவாய்:

அது பழைய கதை. 2008-ல தேசிய நுகர்வோர் ஆணையம் அப்படி சொல்லுச்சு, வாஸ்தவம். 2024 டிசம்பர் 20-ல சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து பண்ணிருச்சு. அதைக் காட்டி சண்டை போட்டா எதுவும் நடக்காது.

மாங்கா தம்பிக்கு சொல்றேன், 1,800 வட்டி சரியான வட்டி, அதுக்கு எவ்வளவு கத்துனாலும் சட்டப்படி திருப்பித் தரணும்னு இல்ல. லேட் ஃபீக்கு கேளு, பல தடவை முதல் முறைன்னா விட்டுருவாங்க. போன்ல கேக்காத, மெயில் போடு, கம்ப்ளெய்ன்ட் நம்பர் வாங்கு. முப்பது நாள் ஆகியும் பதில் வரலைன்னாலோ, வந்த பதில் திருப்தி இல்லைன்னாலோ ரிசர்வ் பேங்கோட (ஆர்பிஐ) குறைதீர்ப்பாளர், அதான் ஓம்பட்ஸ்மேனுக்கு, ஆன்லைன்ல புகார் போடலாம், காசு கிடையாது, 14448-க்கு போன் பண்ணா எப்படின்னு சொல்வாங்க. வக்கீல் எல்லாம் வேண்டாம்.

இன்னொன்னு, கட்டாத சார்ஜையும் வரியையும் அசலோட சேத்து அதுக்கு வட்டி போடக்கூடாதுன்னு 2022-ல ஆர்பிஐ விதி வந்துச்சு. நீ சொன்ன ஆகஸ்டு பில்லு கணக்குல அப்படி வட்டி இல்ல, பாத்தேன், அந்த மட்டும் ஒழுங்கா போட்டிருக்கான். அதே விதில தான், கார்டை க்ளோஸ் பண்ண சொல்லி ஏழு வேலை நாளுக்குள்ள பண்ணலைன்னா நாளைக்கு 500 ரூபா நமக்குத் தரணும்னும் இருக்கு. உடனே எல்லாரும் கிளம்பிடாதீங்க, பாக்கி ஒன்னும் இல்லாம இருந்தா தான் அந்த 500. இந்த மாதிரி மீந்து நிக்கிற வட்டி இருந்தா அது செல்லாது.

நாலு ரோடு அக்கா:

அப்ப கடனை அடைக்கணும்னா என்னதான் பண்றது அண்ணா? பில்லுல உள்ளதை கட்டுனா பத்தலைங்கிறீங்க.

தொப்பூர் கணவாய்:

கட்டுற அன்னைக்கு போன் போட்டு "இன்னைய தேதிக்கு ஃபோர்குளோஷர் தொகை, அதாவது கணக்கை முழுசா முடிக்கிற தொகை எவ்வளவு, அடுத்த பில்லுல வரப்போற வட்டி எவ்வளவு"ன்னு கேக்கணும். சில பேரு சொல்வாங்க, சில பேரு அடுத்த பில்லு வரட்டும்பாங்க. சொல்லலைன்னா பில்லுத் தொகையை அன்னைக்கே கட்டிட்டு, அடுத்த பில்லுல வர்றதையும் கட்டி, பூஜ்ஜியம்னு ஒரு பில்லு பாத்த பிறகு தான் க்ளோஸ் பண்ண எழுதணும். கடைசி தேதி வரைக்கும் காத்திருக்கிறது பாக்கி வெச்சவனுக்கு தண்டம். பணம் வந்த அன்னைக்கே போடு. நான் உள்ள இருந்தப்ப இதை கஸ்டமருக்கு நாங்களா சொன்னதில்ல, கேட்டா தான் சொல்வோம். அது தப்புன்னு இப்ப தோணுது.

காவேரிப்பட்டணம் மாங்கா:

மூணு வாரம் கழிச்சு வர்றேன். 2,124 கட்டிட்டேன். லேட் ஃபீயும் அதோட ஜிஎஸ்டியும் சேத்து 590 ரிவர்ஸ் ஆயிருச்சு, மெயில் ரெண்டாவது தடவை போட்ட பிறகு. செப்டம்பர் பில்லு பூஜ்ஜியம். க்ளோஸ் பண்ண எழுதிட்டேன், அஞ்சாவது நாள் பாக்கி இல்லைங்கிற நோ டியூ லெட்டர் பிடிஎஃப்பா வந்துச்சு. அம்மா அதை நம்பல, "பேப்பர்ல வேணும்"னாங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல போய் பிரின்ட் எடுத்து நிலப் பட்டா வெச்சிருக்கிற டிரங்குப் பெட்டில போட்டாச்சு.

ஓசூர் தம்பி, உன் சிபில் சரியாச்சா?

ஓசூர் நைட் ஷிப்டு:

ஆச்சுண்ணா. பாதி லேட் ஃபீ விட்டாங்க, மீதியைக் கட்டி நோ டியூ வாங்கி, சிபில்லயும் பதிவை மாத்தச் சொல்லி டிஸ்ப்யூட் போட்டு, ரெண்டு மாசத்துல ஓவர்டியூ போயிருச்சு. லேட்டா கட்டுனதுங்கிற பழைய பதிவு மட்டும் இன்னும் நிக்குது. வண்டி எடுத்தாச்சு, அப்பா வரல, தம்பியைக் கூட்டிட்டுப் போனேன்.

நாலு ரோடு அக்கா:

ஆட்டோபே போட்டிருந்தா அதை எப்ப நிறுத்தணும்?

காவேரிப்பட்டணம் மாங்கா:

நோ டியூ லெட்டர் கைக்கு வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க அக்கா, மினிமம்னு இருந்தா டோட்டல் டியூன்னு மாத்தி விடுங்க. நான் ஜூன்லயே அப்படி ஆட்டோபே போட்டு வெச்சிருந்தா ஜூலை வட்டி தானா கழிஞ்சிருக்கும், லேட் ஃபீயும் வந்திருக்காது, அந்த போன் காலும் வந்திருக்காது.