ஊர் மாறி வந்துவிட்டோம், இங்கே பால்வாடியில் சத்துமாவு தருவார்களா?

கேள்வி:
தர்மபுரி பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூர் வந்திருக்கிறோம். சின்னவனுக்கு நான்கு மாதம், பெரியவளுக்கு இரண்டரை வயது. ஊரில் எனக்கும் பெரியவளுக்கும் பால்வாடியில் சத்துமாவு வாங்கிக்கொண்டிருந்தேன். ரேஷன் கார்டு மாமியார் வீட்டில் இருக்கிறது. இங்கே லைன் வீட்டில் யாரைக் கேட்டாலும் தெரியவில்லை என்கிறார்கள். எங்கே போய்க் கேட்பது?

பதில் 1:
புதன்கிழமை தடுப்பூசிக்கு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் போவீர்கள் இல்லையா, அங்கே சிஸ்டரிடம் கேளுங்கள். உங்கள் தெரு எந்த அங்கன்வாடி சென்டரில் வரும் என்று சொல்லிவிடுவார்கள்.

பதில் 2:
தங்கச்சி, நான் அங்கன்வாடிப் பணியாளர். ரேஷன் கார்டை நினைத்துத் தயங்கவே வேண்டாம். சத்துமாவுக்கு அது தேவையில்லை. உங்கள் ஆதாரும் தடுப்பூசி அட்டையும் எடுத்துப் போங்கள். முதலில் ஊர் பால்வாடி டீச்சருக்குப் போன் போட்டு, இடம் மாறிவிட்டதாகச் சொல்லுங்கள். நாங்கள் பதிவு செய்யும் போஷன் டிராக்கர் ஆப்பில் உங்கள் பெயர் இன்னும் அங்கேதான் இருக்கும். அதை மாற்றிவிட்டால் இங்கே சேர்ப்பது சுலபம்.

பாலூட்டும் தாய்க்குப் பிரசவமாகி ஆறு மாதம் வரை உண்டு. அதோடு உங்கள் பங்கு நின்று, சின்னவன் பேரில் வர ஆரம்பிக்கும். அதுவரை அவனுக்குத் தாய்ப்பால் மட்டும்தான். பெரியவளைச் சென்டருக்கே அனுப்பலாம். நம் மாநிலத்தில் இரண்டு வயது முடிந்தாலே மதியச் சாப்பாடு உண்டு, வாரம் மூன்று முட்டையும் தருவோம்.

இன்னொன்று. பல வீடுகளில் அந்த மாவு எல்லோருக்கும் கஞ்சியாகிவிடுகிறது. பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். உங்கள் பேரில் வருவதை நீங்களே சாப்பிடுங்கள். பால் கொடுக்கிற உடம்பு. இது யாரும் போடுகிற தர்மம் இல்லை, 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதியிருக்கிற உரிமை. கூசாமல் கேளுங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அக்கா. ஊர் டீச்சரிடம் பேசிவிட்டேன். பெரியவள்தான் கஞ்சியாகக் கொடுத்தால் துப்பிவிடுகிறாள்.

பதில் 2:
கஞ்சி வேண்டாம், கொழுக்கட்டை பிடியுங்கள். மாவு ஏற்கெனவே வறுத்ததுதான், வெல்லமும் அதிலேயே இருக்கிறது, சர்க்கரை போடாதீர்கள். வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசைந்து, துருவிய தேங்காய் ஒரு பிடி சேர்த்து, அவள் கைக்கு அடங்குகிற அளவில் பிடித்து ஆவியில் வேகவையுங்கள். அவளையும் ஒன்று பிடிக்கச் சொல்லுங்கள், தான் பிடித்ததைத் தின்றுவிடுவாள். அப்புறம், சென்டரில் மாதாமாதம் இரண்டு பேருக்கும் எடை போட்டு அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள்.