ஆடிப்பெருக்குப் படித்துறைப் பாதுகாப்பு: எழுத்துபூர்வ அனுமதிக்கு வழி தேவை

வணக்கம். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே காவிரிக் கரையிலுள்ள எங்கள் ஊரில், ஆடிப்பெருக்கன்று படித்துறையில் காவல்துறையினருடன் சேர்ந்து பணியாற்ற நீச்சல் தெரிந்த 9 பேர் ஆயத்தமாக இருக்கிறோம். எழுத்துபூர்வ அனுமதிதான் கிடைக்கவில்லை.

முன்பு, 1993இல் இராமநாதபுரத்தில் தொடங்கப்பட்ட காவல்துறை நண்பர்கள் குழு வழியாகப் பணியாற்றினோம். காவலர்கள் தாக்கியதில் தந்தையும் மகனும் உயிரிழந்த சாத்தான்குளம் சம்பவத்துக்குப் பின் 2020 ஜூலையில் அரசு அதற்குத் தடை விதித்தது. அந்தத் தடை நியாயமானது என்றே கருதுகிறோம். எங்களுக்கு அதிகாரம் எதுவும் வேண்டாம், கயிறு கட்டவும் குழந்தைகளை ஆழத்துக்குப் போகவிடாமல் தடுக்கவும் மட்டுமே விரும்புகிறோம். சென்ற ஆண்டு, தாய் காதோலை கருகமணியை ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தபோது பாசி படிந்த கடைசிப் படியில் வழுக்கிய சிறுமியை, தலைமுடியைப் பிடித்துத்தான் இழுக்க முடிந்தது.

காவல் நிலையத்தில் மூன்று முறை மனுக் கொடுத்தோம். "வந்து நில்லுங்கள், கடிதம் தர இயலாது" என்றார்கள். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் அளித்த மனுவும் அதே நிலையத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. ஊர்க்காவல் படையில் இப்போது ஆள்சேர்ப்பு இல்லை. ஆடி 18க்கு இன்னும் 24 நாள்களே உள்ளன.

டெல்டா மாவட்டங்களில் இத்தகைய ஒருநாள் தன்னார்வப் பணிக்கு அனுமதிக் கடிதம் பெற்றவர்கள், எந்த அலுவலரிடம் விண்ணப்பித்தீர்கள்?