மறுமொழி: கேம் ஆடும்போது கணினி தானே அணைந்துபோவதற்குத் தமிழில் என்ன சொல்?

நண்பர்களே, வணக்கம்.

> பழுதுபார்ப்புக் கையேட்டில் இதை ‘எதிர்பாராப் பணிநிறுத்தம்’ என்று எழுதலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. பணிநிறுத்தம் என்றால் நாம் கட்டளை கொடுக்கிறோம், கோப்புகள் மூடப்படுகின்றன, விண்டோஸ் முறைப்படி வேலையை முடிக்கிறது. இங்கே விண்டோஸுக்கே தெரியாமல் மின்சாரம் போய்விடுகிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவைத் (Event Viewer) திறந்தால் ‘கெர்னல்-பவர் 41’ என்ற வரி இருக்கும். அது அணைந்த நொடியில் எழுதப்படுவதில்லை. அடுத்த முறை கணினி உயிர்பெற்ற பின், ‘போன தடவை ஒழுங்காக மூடப்படவில்லை’ என்று எழுதிவைப்பது. அதற்குள் ‘பக்செக்கோட்’ என்ற பிழை எண் 0 என்று இருந்தால், விண்டோஸ் பிழையைப் பதியக்கூட நேரமில்லாமல் மின்சாரம் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். வேறு எண் இருந்தால் அது நீலத்திரைக் கோளாறு, அதன் வழி வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், படிப்பவர் எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) பார்க்க வேண்டிய இடத்தில் விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவிக்கொண்டிருப்பார். நல்ல கலைச்சொல் இந்த வீண் அலைச்சலைத் தடுக்க வேண்டும்.

> ‘தன்னணைவு’ எப்படி?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேல்நிலை வேதியியல் பாடத்தில் ‘அணைவுச் சேர்மம்’ படித்த பிள்ளைகளுக்கு அணைவு என்றால் வேறு பொருள். அதைவிட முக்கியமாக, தானாக எதுவும் அணையவில்லை. ஏதோ ஒரு பாதுகாப்புச் சுற்று வேண்டுமென்றே மின்சாரத்தை வெட்டுகிறது. வீட்டில் அயர்ன் பாக்ஸும் ஹீட்டரும் சேர்ந்து ஓடும்போது எம்சிபி விழுவதும் இதே வேலைதான். அங்கே நாம் ‘ட்ரிப் ஆயிடுச்சு’ என்கிறோம். பேச்சில் அது இருக்கட்டும். எழுத்துக்கு நான் முன்வைப்பது: காப்புத் துண்டிப்பு.

துண்டிப்பு என்றதும் மின்வாரியம் இணைப்பைத் துண்டிப்பது நினைவுக்கு வரும், தெரியும். முன்னால் ‘காப்பு’ நிற்பதால் குழப்பம் வராது. அப்புறம், இதிலிருந்து கிளைச்சொற்கள் எளிதாகப் பிறக்கின்றன. செயலி எல்லைமீறிச் சூடாகித் தாய்ப்பலகை மின்சாரத்தை வெட்டினால் வெப்பத் துண்டிப்பு. எஸ்எம்பிஎஸ் தன் எல்லையைக் கடந்த மின்னோட்டத்தைக் கண்டு வெட்டினால் மிகைமின்னோட்டத் துண்டிப்பு.

கையேட்டுக்கு இந்தப் பிரிவு மிகவும் தேவை. கேம் தொடங்கிச் சிறிது நேரம் கழித்து, வெப்பநிலை ஏறி ஏறி அணைந்தால் முதல் வகை. விசிறி, தூசி, தெர்மல் பேஸ்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வெப்பநிலை 70 பாகையில் அமைதியாக இருக்கும்போதே, காட்சி மாறும் நொடியில் ‘டக்’கென்று அணைந்தால் இரண்டாவது வகையைச் சந்தேகிக்கலாம். அதற்கு இன்னொரு தடயமும் உண்டு. பல எஸ்எம்பிஎஸ்கள் அப்படி வெட்டியபின் பூட்டிக்கொள்ளும். முன்பக்கப் பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாலும் அசையாது. பின்பக்க சுவிட்சை அணைத்து, சற்றுப் பொறுத்துப் போட்டால்தான் உயிர் வரும். இந்தத் தடயத்தைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

> 320 வாட் கிராபிக்ஸ் கார்டுக்கு 650 வாட் எஸ்எம்பிஎஸ் போதாதா? கூட்டிப் பார்த்தால் மீதி இருக்கிறதே.

கூட்டல் சரி. ஆனால் 320 என்பது சராசரி. 2020-க்குப் பின் வந்த பெரிய கார்டுகள் மில்லிநொடிக் கணக்கில் அதைவிட மிக அதிகமாக இழுக்கின்றன. அந்த ஒரு கணம் போதும், எஸ்எம்பிஎஸ் வெட்டிவிடும். அதனால்தான் 2022-ல் எஸ்எம்பிஎஸ்களுக்காக இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 வரையறை, புதிய 16 முனை இணைப்பான் கொண்ட பெரிய எஸ்எம்பிஎஸ்கள் தம் அளவைப் போல இருமடங்கை 100 மைக்ரோநொடி வரை தாங்க வேண்டும் என்கிறது. சோதித்துப் பார்க்கக் காசு செலவில்லாத வழி: கார்டின் திறன் வரம்பை (பவர் லிமிட்) 70 விழுக்காட்டுக்குக் குறைத்து அதே கேமை ஆடிப் பாருங்கள். அணைவது நின்றால் சந்தேகம் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் மீதோ அதன் கேபிள் மீதோதான். ஒரே கேபிளிலிருந்து பிரியும் இரண்டு இணைப்பான்களையும் கார்டில் செருகியிருந்தால், முதலில் தனித்தனிக் கேபிளாக மாற்றுங்கள்.

இந்தக் கணநேர ஏற்றத்துக்கும் சொல் வேண்டும். ‘மின்னெழுச்சி’ பொருந்தாது. அது மின்கம்பியிலிருந்து உள்ளே வருவது, இது கார்டு கேட்டு வாங்குவது. ‘ஏசி ரொம்ப கரண்ட் இழுக்குது’ என்று எல்லோரும் சொல்கிறோம். அந்த வினையிலிருந்தே ‘உச்ச மின்னிழுப்பு’ என்று வைக்கலாம். வெறும் ‘இழுப்பு’ என்றால் மூச்சிரைப்பு நோய் ஆகிவிடும், ஆகவே ‘மின்’ விடக்கூடாது.

கடைசியாக, சூடு ஏறும்போது செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதற்கு ‘வெப்பத் தணிப்பு’ என்று நம் கலைச்சொல் பட்டியலில் இருக்கிறது. அதைப் படிப்பவர் குளிர்விப்பது என்றே எடுத்துக்கொள்வார். ‘வெப்ப வேகக்குறைப்பு’ என்று மாற்றக் கோருகிறேன். இது அணைவதற்கு முந்தைய கட்டம், அதனால் பட்டியலில் வெப்பத் துண்டிப்புக்கு மேலே வரட்டும்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். குறிப்பாக ‘காப்பு’ வேண்டுமா ‘தற்காப்பு’ வேண்டுமா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.