புதுப்பிப்பு: கூண்டில் விட்டால் இரவெல்லாம் கத்திய சிப்பிப்பாறை நாய்க்குட்டி, இப்போது தூங்குகிறது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: 3 மாதக் குட்டி, இரும்புக் கம்பிக் கூண்டு. கதவைச் சாத்தியதும் ஓலம், விடிவதற்குள் உள்ளேயே மூத்திரம். இதுதான் நான் கேட்டிருந்தது.

பலன் கொடுத்தது, கூண்டை ஹாலிலிருந்து கட்டிலோரம் நகர்த்தச் சொன்னவரின் யோசனை. அன்று ராத்திரியே கத்தல் வெகுவாகக் குறைந்தது. பக்கத்தில் ஆள் வாசம் இருந்தால் போதும் போல. கூடவே, சாப்பாடு முழுக்கக் கூண்டுக்குள்தான். சாப்பிடும்போது மட்டும் கதவைச் சாத்தி, கிண்ணம் காலியானதும் திறந்தோம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டினோம்.

உள்ளே மூத்திரம் போனதற்குத் தீர்வு, கூண்டுக்குள் இடத்தைக் குறுக்கும் தடுப்புக் கம்பி. பெரிய நாய்க்கான கூண்டென்றால் குட்டி ஒரு மூலையில் மூத்திரம் போய்விட்டு மறுமூலையில் நிம்மதியாகப் படுத்துக்கொள்ளும். நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க மட்டும் இடம் விட்டோம். ஆனாலும் இந்த வயதில் 3, 4 மணி நேரத்துக்கு மேல் அடக்காது. நடுராத்திரி அலாரம் வைத்து வெளியே தூக்கிப்போகத்தான் வேண்டும். அதற்குக் குறுக்குவழி கிடையாது.

'கத்தினால் கண்டுகொள்ளாதீர்கள்' என்பது எங்களுக்குச் சரிப்படவில்லை. கத்தல் ஏறியதுதான் மிச்சம்.

யாருமே சொல்லாத ஒன்று: கூண்டின் தகர அடித்தட்டு. குட்டி திரும்பும்போதெல்லாம் தகரம் 'டங்'கென்று அடித்து அதையே மிரட்டியிருக்கிறது. தட்டுக்கு அடியில் கோணியும் மேலே மெத்தையும் போட்டதும் சரியானது. கூண்டைத் துணியால் மூடச் சொன்னார்கள். இந்தப் புழுக்கத்தில் வேண்டாமென்று விட்டுவிட்டோம். பகலில் கதவு திறந்தே கிடக்கிறது, தூக்கம் வந்தால் தானே உள்ளே போகிறது.